மட்டக்களப்புக் கடலடியில் ஹெர்மிஸ்: சுழியோட்டச் சேவைக்கு ஒரு மதிப்பீடு

மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்கப் படகுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், சுழியோட்டக் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் கப்பல் படத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஓடுதளத்தின் முன்முனை சறுக்குமரம்போல மேலே வளைந்து நின்றால், அது நீங்கள் பார்க்கப் போகிற கப்பல் அல்ல. அந்த 12 பாகைச் சாய்தளம் ஹாரியர் விமானங்களுக்காகப் பின்னாளில் கட்டப்பட்டது. பிந்திய ஹெர்மிஸான அந்தக் கப்பல் 1953இல் நீரில் இறங்கியது. 1982இல் ஃபாக்லாந்துப் போரில் பிரித்தானியப் படையின் தலைமைக் கப்பலாக இருந்தது. 1987 மே 12 அன்று 'விராட்' என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. 2017இல் ஓய்வுபெற்று, கடைசியில் குஜராத்தின் அலங் கரையில் உடைபட்டது. அதன் ஒரு தகடுகூட மட்டக்களப்புக் கடலில் இல்லை. இங்கே கரையிலிருந்து சுமார் 5 கடல் மைல் தள்ளிக் கிடப்பது, ஹெர்மிஸ் என்ற அதே பெயர் தாங்கிய முந்திய கப்பல்.

படத்தை மாற்றி மாட்டியதெல்லாம் ஒரு குற்றமா என்று தோன்றலாம். ஆனால் எந்தக் கப்பல் என்று தெரியாதவர் அதன் நீளத்தையும், அது கிடக்கும் விதத்தையும், எங்கே எது இருக்கும் என்பதையும் சரியாகச் சொல்ல மாட்டார். விராட் ஆன ஹெர்மிஸ் 226 மீட்டருக்கும் மேற்பட்ட நீளம். கீழே கிடப்பது சுமார் 183 மீட்டர். 53 மீட்டர் ஆழத்தில், 20 நிமிடத்துக்குள் வேலையை முடித்துத் திரும்ப வேண்டிய இடத்தில், இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

பெயர்க் குழப்பம் இந்த இரண்டு கப்பல்களோடு நிற்பதும் இல்லை. கிரேக்கத் தெய்வங்களின் தூதனான ஹெர்மிஸின் பெயரைப் பிரித்தானியக் கடற்படை 1796 முதல் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறது. முதலாவது, டச்சுக்காரரிடமிருந்து பிடித்த ஒரு சிறு பாய்க்கப்பல். அதன் பழைய பெயர் மெர்க்கூரியஸ். ஹெர்மிஸுக்கு ரோமர் வழங்கிய பெயர்தான் அது. கைமாறிய அடுத்த ஆண்டே கடலில் காணாமல் போனது. 1811ஆம் ஆண்டு ஹெர்மிஸ், 1814 செப்டம்பரில் அமெரிக்காவின் மொபீல் குடாவில் போயர் கோட்டையைத் தாக்கப் போய்த் தரைதட்டியது. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று சொந்த மாலுமிகளே அதற்குத் தீ வைத்தார்கள். 1898இல் இறங்கிய குரூஸர் ஹெர்மிஸ், 1913இல் கடல்விமானங்களைச் சுமக்கும்படி மாற்றப்பட்டு, 1914 அக்டோபர் 31 அன்று டோவர் நீரிணையில் யு-27 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பீடோவால் மூழ்கியது. வலைத்தளங்களில் 'ஹெர்மிஸ் சிதைவு' என்று தேடினால் அதுவும் கலந்தே வரும். உங்களுக்குத் தேவையான அடையாளம் 95. அதுதான் மட்டக்களப்புக் கப்பலின் பக்க எண். விராட் ஆனதற்கு ஆர் 12.

95க்கு வரலாற்றில் தனி இடம் உண்டு. வேறொரு கப்பலை மாற்றியமைக்காமல், வரைபட மேசையிலிருந்தே விமானந்தாங்கியாகத் திட்டமிட்டு 1918 ஜனவரியில் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. கட்டி முடிப்பது இழுத்துக்கொண்டே போக, பின்னால் தொடங்கிய ஜப்பானின் ஹோஷோ 1922 டிசம்பரிலேயே பணிக்கு வந்துவிட்டது. கடைசியில் ஹெர்மிஸை மூழ்கடித்ததும் ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்களே. 1942 ஏப்ரல் 9. திருகோணமலைக்குத் தாக்குதல் வருகிறது என்ற எச்சரிக்கையில் முந்தின இரவு துறைமுகத்தை விட்டுத் தெற்கே போயிருந்த கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் கண்ணில் பட்டுவிட்டது. அதன் மீது ஒரு சொந்த விமானமும் இல்லை. குண்டுகள் அடுத்தடுத்து விழ, சில நிமிடங்களில் முடிந்தது. 307 பேர் இறந்தார்கள். கப்பல் தலைவர் ரிச்சர்ட் ஆன்ஸ்லோவும் அவர்களில் ஒருவர். கூடவே வந்த வாம்பயர் என்ற ஆஸ்திரேலிய நாசகாரியும் மூழ்கியது. 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல் தண்ணீரில் கிடந்த சுமார் 600 பேரை ஏற்றியது. நல்ல சேவையாளர் இதை உங்களிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். சொல்லாமல் நேரே சிலிண்டரைக் கையில் கொடுப்பவர், கப்பலுக்குள் எதையும் தொடாதீர்கள் என்றும் சொல்ல மாட்டார்.

இனி சேவையின் உயிர்நாடிக்கு வருவோம்: எந்த வாயுவோடு இறக்குகிறார்கள்?

மணல்தரை சுமார் 53 மீட்டர். கப்பலின் மேற்புறமே 40 மீட்டருக்குக் கீழே. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீட்டரோடு முடிகிறது என்பதால், 'மேலே மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. சாதாரணக் காற்றில் 53 மீட்டருக்கு இறங்கினால் நைட்ரஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) 5 பார் அளவுக்கு ஏறுகிறது; ஒரு பார் என்பது ஏறத்தாழக் கடல்மட்டக் காற்றழுத்தம். கள் குடித்தவன் நிலைதான். அதைவிட மோசமானது வாயுவின் அடர்த்தி. அந்த ஆழத்தில் காற்று லீட்டருக்கு 8 கிராமைத் தாண்டும், 6.2 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பதே இன்று தொழில்நுட்பச் சுழியோடிகள் (பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டி இறங்குபவர்கள்) மதிக்கும் எல்லை. அடர்ந்த வாயுவை நுரையீரல் தள்ளித் தள்ளிக் களைக்கும்போது கரியமில வாயு உடம்பிலேயே தங்கும். நீரோட்டத்துக்கு எதிராக நாலு உதை உதைத்தால் போதும், மூச்சு இரைக்கும், பதற்றம் வரும், புத்தி மங்கும். 'நான் பல தடவை காற்றிலேயே போயிருக்கிறேன்' என்று சொல்பவரின் அனுபவத்தை இந்தக் கணக்கு மாற்றாது.

21/35 டிரைமிக்ஸ், அதாவது 21 விழுக்காடு ஆக்சிஜன், 35 விழுக்காடு ஹீலியம், மீதி நைட்ரஜன், இந்தக் கப்பலுக்குப் பொருத்தமான கலவை. 53 மீட்டரில் அதன் அடர்த்தி லீட்டருக்கு சுமார் 5.8 கிராம். மயக்க அளவில் அது 31 மீட்டரில் காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். ஆக்சிஜன் அழுத்தம் 1.32 பார், எல்லைக்குள். இன்னும் தெளிவு வேண்டுமென்றால் 18/45 கேளுங்கள். மயக்கம் 25 மீட்டர் அளவுக்கு இறங்கும், செலவு ஏறும்.

ஹீலியம் மட்டக்களப்பில் நினைத்த நேரத்தில் வாங்கும் சரக்கல்ல. வாரக்கணக்கில் முன்னரே சொல்லிவைக்க வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இரட்டை 12 லீட்டர் சிலிண்டரை வெறுமையிலிருந்து 200 பாருக்கு 21/35ஆக நிரப்ப, முதலில் 70 பார் ஹீலியம், பிறகு ஏறத்தாழ 19 பார் ஆக்சிஜன், மீதி 111 பார் சுத்தமான காற்று. ஹீலியம் மட்டும் 1,680 லீட்டர். 200 பாரில் இருக்கும் 50 லீட்டர் பெரிய உருளையில் 10,000 லீட்டர் இருக்கிறதே, ஆறு பேருக்குக் காணுமே என்று நினைக்கத் தோன்றும். பூஸ்டர் பம்ப் (அழுத்தம் குறைந்த உருளையிலிருந்தும் வாயுவைத் தள்ளி ஏற்றும் கருவி) இல்லாத இடத்தில் அப்படி நடக்காது. மூன்று ஜோடி நிரப்பியதும் உருளையின் அழுத்தம் சுமார் 99 பாருக்கு இறங்கிவிடும். நாலாவது ஜோடி 70 பாரைத் தொடுவதற்கு முன்னமே அது 67 பாருக்கு வந்து நின்றுவிடும். ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஓர் உருளை போதும் என்று கடைக்காரர் சொன்னால், பூஸ்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மூன்று பேருக்கு அடுத்து வருபவர்களுக்குக் கிடைக்கும் கலவை என்ன என்று கேளுங்கள். கலந்த பிறகு பகுப்பாய்வுக் கருவியை உங்கள் கையிலேயே வாங்கி, ஆக்சிஜன், ஹீலியம் இரண்டையும் அளந்து, விழுக்காட்டையும் தேதியையும் சிலிண்டர் கழுத்தில் ஒட்டுங்கள். சூடாக இருக்கும்போது அளந்த எண்ணை நம்பாதீர்கள். வாயு ஆறிக் கலந்தபின் மறுபடி அளக்க வேண்டும்.

ஒற்றைச் சிலிண்டரில் ஹெர்மிஸ் போகலாம் என்று இன்னும் சிலர் விற்கிறார்கள். அந்தச் சிலிண்டரைத் திறந்து கணக்குப் பார்ப்போம். 12 லீட்டர், 200 பார்: 2,400 லீட்டர். 53 மீட்டரில் ஒருவருக்குக் கோளாறு வந்து, இருவர் ஒரே சிலிண்டரில் மூச்சுவிட்டு டிகோ வாயுவுக்கு (உடம்பில் கரைந்த வாயு வெளியேற, நின்று நின்று ஏறும்போது சுவாசிப்பது) மாறும் 21 மீட்டர் வரை ஏற வேண்டும் என்று வையுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லீட்டர். கீழே சிக்கலை அவிழ்க்க 2 நிமிடம், பிறகு நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறுவது. மொத்தம் 1,770 லீட்டர் அளவில் ஆகும். ஒற்றைச் சிலிண்டரில் அது 148 பார்! மிச்சம் 52 பார். நிதானமாக நிமிடத்துக்கு 20 லீட்டர் இழுப்பவருக்கு அந்த ஆழத்தில் 126 லீட்டர் ஆகும். ஆக 5 நிமிடம். அதில் இறங்குவதற்கே இரண்டரை நிமிடம் போய்விடும். இரட்டைச் சிலிண்டரில் அதே ஒதுக்கீடு 74 பார், 80 என்று வையுங்கள். மீதி 120 பாரில் 22 நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். இறக்கத்தையும் சேர்த்து 20 நிமிடம் என்று திட்டமிடுவது இங்கிருந்துதான் வருகிறது.

ஏறும்போது 21 மீட்டரில் 50 விழுக்காடு நைட்ராக்ஸுக்கு, அதாவது பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஜன் கலவைக்கு, மாறுகிறோம். உங்கள் சுழியோட்டக் கணினியின் கிரேடியன்ட் ஃபேக்டர் அமைப்பை (எவ்வளவு எச்சரிக்கையோடு ஏறுவது என்ற அளவை) பொறுத்து டிகோ 25 முதல் 35 நிமிடம் வரை எடுக்கும். அதற்கு 11 லீட்டர் பக்கச் சிலிண்டர் ஒன்று, நிறைத்தது, போதுமானது. அதில் பாதி அளவு கையிருப்பாக இருக்கட்டும். தவறு நடக்கும் இடம் இந்த மாற்றம்தான். 50 விழுக்காட்டை 53 மீட்டரில் தவறிச் சுவாசித்தால் ஆக்சிஜன் அழுத்தம் 3 பாரைத் தாண்டி, வலிப்பு வந்து வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவும். அதனால் பக்கச் சிலிண்டரில் ஆழ எண் '21' பெரிதாக எழுதியிருக்க வேண்டும், வால்வு மூடியிருக்க வேண்டும், துணைவர் அந்த ஆழ எண்ணையும் குழாயையும் கண்ணால் பார்த்துக் கையசைத்த பிறகே வாயில் வைக்க வேண்டும். இதைக் கரையில் ஒருமுறை நடித்துக் காட்டச் சொல்லும் சேவைக்கு என் கணக்கில் கூடுதல் மதிப்பு. மூடிய சுற்று ரீபிரீதர் (வெளிவிட்ட மூச்சையே சுத்திகரித்து மறுபடி தரும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு ஹீலியச் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் அவர்களுக்கும் மேலே வர போதுமான திறந்த சுற்று, அதாவது சாதாரணச் சிலிண்டர், கையிருப்பு தேவை, அது குழுவில் பங்கிட்டதாக இருக்கக் கூடாது.

படகு. கல்லடிக் கரையில் அலையை வெட்டிப் போகும் ஃபைபர் வள்ளங்களே பெரும்பாலும். இரட்டைச் சிலிண்டரும் பக்கச் சிலிண்டரும் கட்டிய நாலு பேர் ஏறினால் வள்ளத்தில் நகர இடமில்லை. நாலுக்கு மேல் ஏற்றுபவரைத் தவிருங்கள். ஏணி உறுதியாக இருக்க வேண்டும். தண்ணீரில் சிலிண்டரைக் கழற்றி மேலே தருவதென்றால் அதற்கு இரண்டு வாரும் கொக்கியும் தயாராக இருக்க வேண்டும். ஒரு வெளிப்பொறி மட்டும் இருந்தால் மாற்றுப் பொறியோ துணை வள்ளமோ உண்டா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் காரணம் நீரோட்டம். டிகோவில் இருக்கும்போது கயிற்றைப் பிடித்துத் தொங்க முடியாத நாள்கள் உண்டு. அடையாள மிதவையை மேலே அனுப்பிவிட்டு ஓட்டத்தோடு போக வேண்டும். ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) நீரோட்டத்தில் 30 நிமிடத்தில் 900 மீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள். வள்ளம் கூடவே வராவிட்டால், அலைகளுக்கு நடுவே ஒரு தலையைக் கண்டுபிடிப்பது எவருக்கும் எளிதல்ல. ஆளுக்கு ஓர் அடையாள மிதவை, ஒரு சுருள் கயிறு. குழுவில் எல்லோருக்கும் ஒரே நிறம், சிக்கலுக்கு மட்டும் வேறு நிறம் என்று முன்னமே பேசி, வள்ளக்காரருக்கும் அதைச் சொல்லி வையுங்கள்.

அவசரச் சிகிச்சைக்கான ஆக்சிஜன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெட்டி இருக்கிறது என்பதில் எல்லாரும் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். உள்ளே எவ்வளவு என்று பார்ப்பதில்லை. நிமிடத்துக்கு 15 லீட்டர் வீதம் 2 லீட்டர் சிறு உருளை, நிறைத்திருந்தாலும், 26 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கப்பலிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து வைத்தியசாலைக்கும் ஒரு மணி நேரம் என்று வைத்தால் ஒருவருக்கே 900 லீட்டர். சுழியோடும் இருவருக்கும் ஒரே நேரத்தில் அழுத்தக் குறைவு நோயின் அறிகுறி வரலாம். அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எங்கே, யாருக்கு அழைப்பது, எந்த வழியாகக் கொண்டுபோவது என்பது அட்டையில் எழுதி வள்ளத்தில் இருக்க வேண்டும். வள்ளக்காரரின் மனதில் இருப்பது போதாது.

காலம் பற்றிச் சுருக்கமாக: கிழக்குக் கரைக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. வாடைக்காற்று தொடங்கினால் கலங்கலும் அலையும் சேர்ந்து வரும், யார் கூப்பிட்டாலும் போக வேண்டாம். ஆண்டின் நடுவில் கச்சான் காற்று பகலேற வலுக்கும். அது கரையிலிருந்து கடலுக்கு அடிப்பது, திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று. விடியலிலேயே கிளம்பும் சேவையைத் தேர்ந்தெடுங்கள். நீர் 28 பாகை அளவில் இருந்தாலும், ஒரு மணி நேரத்துக்கு மேல் நனைந்து, அதில் பாதி நேரம் அசையாமல் தொங்குவதால் 5 மில்லிமீட்டர் உடுப்பே நல்லது. குளிர்ந்த உடம்பில் வாயு வெளியேறுவது மந்தப்படும்.

ஹெர்மிஸ் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. இதை மனதில் வாங்கிக்கொண்டு இறங்காவிட்டால் முதல் சில நிமிடங்கள் எது ஓடுதளம், எது அடிப்புறம் என்று புரியாமலே வீணாகும். ஓடுதளம் தரையாக இராது, சுவராக இருக்கும். மேலே தெரிவது கப்பலின் வலப்பக்கம். 140 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஆறு, பக்கத்துக்கு மூன்றாக அமைத்துக் கட்டப்பட்ட கப்பல் இது. இடப்பக்கத்து மூன்றும் கீழ்ப்புறத்தில் என்பதால், தேடினால் வலப்பக்கத்து மூன்றைத் தேடுங்கள். அணியத்துக்கு (கப்பலின் முன்பகுதிக்கு)ப் போனால் கப்பலுடல் வளைந்து மேலேறி ஓடுதளத்தோடு ஒன்றாகிப் போவதைப் பாருங்கள். அந்தக் காலத்துப் பல விமானந்தாங்கிகளில் முன்முனை திறந்திருக்கும், தூண்களின் மீது தளம் நிற்கும். 95இல் மூடியே கட்டினார்கள். பின்னாளில் பிரித்தானியக் கப்பல்கள் பின்பற்றிய வடிவம் அது.

183 மீட்டரையும் ஒரே இறக்கத்தில் பார்த்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். நிதானமாக நிமிடத்துக்கு 12 மீட்டர் நீந்தினால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கே 15 நிமிடம், எதையும் நின்று பார்க்காமல். ஆக இரண்டு நாள் இறக்கமாக விற்கும் சேவையே நேர்மையானது. விமானக் கொட்டகைக்குள் நுழைய வேண்டாம். 120 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள அந்த அறை பக்கவாட்டில் கிடக்கிறது, பல பத்தாண்டுச் சேறு உள்ளே, ஒரு துடுப்பசைவில் வெளிச்சம் போய்விடும். அதோடு அது 307 பேரின் கப்பல்.

வெளியே இருக்கும் ஆபத்து தங்கூசி (நைலான் இழை) வலை. சிக்கிய வலைகளை மீனவர் அறுத்துவிட்டுப் போவார்கள். அது கப்பலில் சுற்றிக்கொண்டு மீன் பிடித்தபடியே இருக்கும். விளக்கொளியில் பாசி படிந்த வலை தெரியும், புதுசு தெரியாது. ஆளுக்கு இரண்டு அறுப்பான் வேண்டும், ஒன்று இடக்கை எட்டும் இடத்தில், மற்றது வலக்கை எட்டும் இடத்தில். பெரிய கத்தியைவிடக் கொக்கிபோன்ற வார் அறுப்பானும் நல்ல கத்தரிக்கோலும் தங்கூசிக்கு வேலை செய்யும்.

சேவையைச் சோதிக்க ஒரு நல்ல வழி, முதல் நாளே ஹெர்மிஸ் கேட்காமல் பாசிக்குடா பக்கத்து பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலுக்கு அழைத்துப்போகச் சொல்வது. அதே 1942 ஏப்ரல் 9இல் மூழ்கியது, 24 மீட்டர் அளவில் கிடக்கிறது. அங்கே இரட்டைச் சிலிண்டர், மிதவை விடுவது, வாயு மாற்றும் பயிற்சி, வள்ளம் பின்தொடர்வது எல்லாவற்றையும் ஆபத்தின்றிப் பார்த்துவிடலாம். அந்த நாளில் வள்ளக்காரர் மிதவையைத் தவறவிட்டால், மறுநாள் ஹெர்மிஸைக் கைவிடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிபந்தனையையும் முன்பே எழுதி வாங்குங்கள்: நீரோட்டத்துக்காக மேலேயே ரத்துசெய்தால் ஹீலியச் செலவு யாருடையது? விலை சொல்லும்போது வள்ள வாடகை, ஹீலியம், டிகோ வாயு, இரட்டைச் சிலிண்டர் வாடகை நான்கையும் தனித்தனியே பிரித்துச் சொல்பவரிடம் பேச்சைத் தொடருங்கள்.

கப்பலுக்கு ஐந்துக்கு ஐந்து. டிரைமிக்ஸ் கலந்து, ஆளெண்ணிக்கையை நாலோடு நிறுத்தி, விடியலில் கிளம்பும் சேவைக்கு நாலு. ஹீலியம் கிடைப்பதில் உள்ள நிச்சயமின்மைக்காக ஒன்றைக் குறைக்கிறேன். காற்றிலும் ஒற்றைச் சிலிண்டரிலும் இறக்குபவருக்கு, கட்டணம் எவ்வளவு மலிவாக இருந்தாலும், பூஜ்யம்.

போகிறவர்களுக்கு இறக்கத் திட்டம்: முதல் நாள் அணியம், அடுத்த நாள் பின்பகுதி. இறங்கு கயிற்றின் எடைக்கல் கப்பல் மேல் விழாமல், சற்றுத் தள்ளி மணலில் இருக்கட்டும். தகட்டில் மாட்டினால் இழுக்கும் கயிறு உடைந்த விளிம்பில் அறுந்துபோகும். கல்லிலிருந்து கப்பலுக்குச் சுருள் கயிறு ஒன்றை விரித்துக் கட்டுங்கள். கயிற்றின் அடியில், கண்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே, மினுங்கு விளக்கு ஒன்றைக் கட்டிவிட்டுப் போங்கள். 16ஆம் நிமிடத்தில் திரும்பும்போது, நீலத்தில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.